84, 106, 110: திருகோணமலை வெக்கையில் கிராபிக்ஸ் கார்ட் கொதித்தால்

உப்புவெளியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பாவித்த ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்ட் ஒன்று வாங்கினாராம். மாரி காலம் முழுக்க ஒரு சிக்கலும் இல்லை. வைகாசி பிறந்ததில் இருந்து கேம் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் ஃபேன் மூன்றும் அலறுகின்றன, செக்கனுக்கு 100 ஃபிரேம் ஓடியது 60க்கு விழுகிறது. மென்பொருளில் பார்த்தால் கோர் 84 பாகை, ஹாட்ஸ்பாட் 106, மெமரி 110. ஒருவர் ஏசி போடச் சொன்னாராம், இன்னொருவர் தண்ணீர் கூலர் மாட்டச் சொன்னாராம், மூன்றாமவர் கார்டை விற்றுத் தலை முழுகச் சொன்னாராம். எதைக் கேட்பது என்று தம்பி குழம்பிப்போய் இருக்கிறார்.

தம்பி, மூன்று பேரையும் இப்போதைக்கு விடுங்கள். ஒரு ரூபாய் செலவழிக்க முதல் நீங்கள் செய்ய வேண்டியது வெப்பம் எந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று கண்டுபிடிப்பது. அதற்கு வேண்டிய மூன்று எண்ணை நீங்களே எழுதிவிட்டீர்கள், நாலாவதை விட்டுவிட்டீர்கள். அறை எத்தனை பாகை?

இது சின்ன விஷயம் இல்லை. யூடியூபில் கார்ட்களைச் சோதித்துக் காட்டுகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் 21, 22 பாகை அறையில் இருந்து கதைக்கிறார்கள். கச்சான் அடிக்கிற நாளில் மத்தியானம் இரண்டு மணிக்கு உங்கள் அறை 33 என்று வைத்துக்கொள்ளுங்கள், சீற்றுக் கூரை என்றால் அதற்கும் மேலே போகும். காற்றால் ஆறுகிற எந்தக் கார்டும் அறை வெப்பத்துக்கு மேலே இத்தனை பாகை என்றுதான் நிற்கும். உங்கள் 84இல் இருந்து 33ஐக் கழித்தால் 51. அதே கார்டை 22 பாகை அறையில் வைத்தால் கோர் 73 காட்டும், 320 வாட் இழுக்கிற கார்டுக்கு அது ஊர் உலகத்தில் எல்லோரும் பார்க்கிற எண்தான். 3080க்கு அதன் சிப்பைச் செய்கிற என்விடியா கொடுத்திருக்கிற உச்ச வரம்பு 93 பாகை. ஆகவே நீங்கள் பயந்துபோய்ச் சொன்ன முதல் எண்ணில் பெரிய குறை ஒன்றும் இல்லை. குறை மற்ற இரண்டிலும் இருக்கிறது.

கன்னியா வெந்நீரூற்றுக்குப் போயிருப்பீர்கள். ஏழு கிணறு, எல்லாம் பக்கத்தில் பக்கத்தில், ஆனால் ஒரு கிணற்றுத் தண்ணீரின் சூடு மற்றதில் இராது. கார்டும் அப்படித்தான். கோர் என்று காட்டுவது சிப்பின் பொதுவான சூடு. ஹாட்ஸ்பாட் என்பது அதே சிப்பில் பல இடங்களில் இருக்கிற உணரிகளில் எது ஆகக் கூடச் சுடுகிறதோ அது. மெமரி என்பது சிப்பைச் சுற்றி இருக்கிற ஜிடிடிஆர்6எக்ஸ் என்கிற மெமரிச் சில்லுகளின் சூடு. இந்த மூன்றும் வெவ்வேறு வழியால் ஹீட்சிங்க் என்கிற, சூட்டை உறிஞ்சிக் காற்றில் விடுகிற உலோகத் தகட்டுக் கூட்டுக்குப் போகின்றன, அதனால் எது மட்டும் தனியாக ஏறி நிற்கிறது என்று பார்த்தாலே எந்த வழி அடைபட்டிருக்கிறது என்று விளங்கிவிடும்.

கோருக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் இடையில் 10இல் இருந்து 15 பாகை இருந்தால் கவலை இல்லை. உங்களுக்கு 22. 20க்கு மேலே போனால் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் சூட்டைக் கடத்தப் பூசியிருக்கிற பேஸ்ட் காய்ந்தோ ஒதுங்கியோ போயிருக்கிறது, அல்லது ஹீட்சிங்க் ஒரு பக்கம் சரிந்து உட்கார்ந்திருக்கிறது. கிராபிக்ஸ் சிப்பின் மேலே சிபியூவில் இருப்பதுபோல உலோக மூடி கிடையாது, வெறும் சிலிக்கன். அது சூடாகி விரிந்து ஆறிச் சுருங்க, விரிந்து சுருங்க, நடுவில் இருக்கிற பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். பழைய கார்டைக் கழற்றினால் சிப்பைச் சுற்றி வரம்பு கட்டினதுபோல பேஸ்ட் குவிந்திருக்கும், நடுவில் கண்ணாடி மாதிரி வெறுமையாக இருக்கும்.

மெமரி 110 என்பதுதான் உங்கள் ஃபிரேமைத் தின்கிற எண். ஜிடிடிஆர்6எக்ஸ் 110ஐத் தொட்டால் கார்ட் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்து ஃபேனை முழுவீச்சில் விடும். மெமரியின் வெப்பம் பேஸ்டால் போவதில்லை, தேர்மல் பேட் என்கிற மெத்தைத் துண்டுகளால் போகிறது. பாவித்த கார்ட் என்கிறீர்கள். 2022 செப்டம்பர் 15இல் எத்தீரியம் என்ற மின்காசைக் கார்ட்களை ஓடவிட்டுச் சம்பாதிக்கிற மைனிங் நின்றபோது, அதுவரை இரவு பகலாக ஓடிய கார்ட்கள் உலகம் முழுக்கச் சந்தைக்கு வந்து கொட்டுப்பட்டன. மைனிங்கில் கோருக்கு வேலை குறைவு, மெமரிக்குத்தான் மூச்சு விட நேரம் இருக்காது. மாதக்கணக்காக 100 பாகைக்குப் பக்கத்தில் நின்ற பேட் எண்ணெய் கக்கி, இறுகி, தொட்டால் பிட்டு மாதிரி உதிரும். உங்கள் கார்ட் அந்தக் கூட்டத்தில் வந்தது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனால் எண்கள் அந்தப் பக்கம்தான் கை காட்டுகின்றன.

சரி, இன்னும் ஸ்குரூ டிரைவரைத் தொட வேண்டாம். ஒரு சோதனை. கேமை ஓடவிட்டு 20 நிமிடம் கழித்து நாலு எண்ணையும் எழுதுங்கள், பிறகு கேசிங்கின் பக்கத் தகட்டைக் கழற்றி, முன்னால் ஒரு மேசை ஃபேனை வைத்து ஊதவிட்டு, இன்னொரு 20 நிமிடம் கழித்துத் திரும்ப எழுதுங்கள். மூன்று எண்ணும் சேர்ந்து 8, 10 பாகை விழுந்தால் கார்டில் குற்றம் இல்லை, கேசிங்குக்குள் காற்று ஓடவில்லை. இரண்டோ மூன்றோ பாகைதான் விழுந்தது, ஹாட்ஸ்பாட் இடைவெளி அப்படியே நிற்கிறது என்றால் கார்டைத் திறக்கத்தான் வேண்டும். ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருள் மூன்று எண்ணையும் காட்டும், கூடவே 'பெர்ஃப்கேப் ரீசன்' என்று ஒரு வரி இருக்கும், கார்ட் வேகத்தைக் குறைத்தது மின் வரம்பாலா சூட்டாலா என்று அதில் தெரியும். அறைச் சூட்டுக்குப் பத்துப் பதினைந்து அடி தள்ளித் தெர்மாமீட்டரை மாட்டிப் பிரயோசனம் இல்லை, கேசிங்கின் முன்வாயில், கார்ட் குடிக்கிற காற்றை அளக்க வேண்டும்.

ஏன் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், இங்கே கடைகளில் விற்கிற கம்ப்யூட்டர் மேசைகளில் கேசிங் வைக்க என்று கீழே ஒரு பெட்டி இருக்கும், சிலதுக்குக் கதவும் இருக்கும். அந்தப் பெட்டி வந்த காலத்தில் கணினி முழுவதும் 150 வாட் இழுத்தது. இப்போது கார்ட் மட்டும் 320, ஃபோர்நைன்டி (ஆர்டிஎக்ஸ் 4090) என்றால் 450, ஃபைவ்நைன்டி (ஆர்டிஎக்ஸ் 5090) என்றால் 575. பின்பக்கம் வெளியேற்றுகிற சூட்டுக் காற்று பலகையில் பட்டுத் திரும்பி முன்பக்கம் வந்து அதையே கார்ட் திரும்பக் குடிக்கும். பாலையூற்றில் ஒரு வீட்டில் பார்த்தேன், அறை 31, பெட்டிக்குள் கையை விட்டால் போறணைக்குள் விட்டது மாதிரி, கேசிங்கின் வாயில் 44. அந்தப் பிள்ளை புதுக் கார்ட் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தான். கேசிங்கைத் தூக்கி மேசைமேல் வைத்தோம், சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி. வேலை முடிந்தது. அவனுடைய அம்மா போட்டுத் தந்த தேத்தண்ணி ஆறவே இல்லை.

அப்புறம் உப்பு. கடலில் இருந்து நாலு தெரு தள்ளி இருக்கிற உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை, யன்னல் கம்பியே சொல்லும். ஆனால் உப்பு துருப்பிடிக்க வைப்பது மட்டுமில்லை, தூசியைப் பிசினாக்குகிறது. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத் துணிக்கை ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்கும், அதில் ஒட்டின தூசி பிறகு ஊதினாலும் போகாது. நிலாவெளிக் கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டில் இருந்து வந்த கார்ட் ஒன்றின் ஃபேன் சட்டத்தைக் கழற்றினேன். தகடுகளுக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு படை. நகத்தால் ஓரத்தைக் கிளப்பினால் தாச்சியில் இருந்து அப்பம் எழும்புவதுபோல ஒரே துண்டாக எழும்பி வந்தது, மறுபக்கத்தில் தகடுகளின் வரி வரியான அச்சு. பின்தகட்டில் திருகுகளைச் சுற்றி வெள்ளைப் பூ. அந்த ஒரு துண்டை எடுத்ததற்கே கோர் 9 பாகை இறங்கியது, பேஸ்டைத் தொடவே இல்லை.

சுத்தம் செய்யும்போது ஒரு பெயின்ட் பிரஷும் சின்ன ப்ளோவரும் போதும். ஊதும்போது ஃபேன் இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றின் வேகத்தில் அது கட்டுக்கடங்காமல் சுழன்றால் பேரிங் போய்விடும். டயர் கடைக் கம்ப்ரசரில் கொண்டுபோய் ஊதி எடுக்கிற வீரர்களும் இருக்கிறார்கள். அந்தக் குழாயில் காற்றோடு தண்ணீரும் எண்ணெயும் வரும், அமுக்கமும் கார்டுக்குரியது இல்லை. பிறகு பிரஷால் போகாத பிசினை என்ன செய்வது என்று கேட்டால், ஐசோப்ரொபைல் அல்ககோல் தொட்டுத் துடையுங்கள். பார்மசியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் கிடைக்கிறதே என்று அதை வாங்க வேண்டாம், பழைய பிரிட்டிஷ் முறைப்படி செய்கிற ஸ்பிரிட்டில் ஆமணக்கெண்ணெய் சேர்ந்திருக்கும், தோலுக்கு நல்லது, சிப்பில் பூசினால் மெல்லிய எண்ணெய்ப் படை நிற்கும்.

கேசிங்கின் முன்வாயில் நுளம்பு நெட்டை வெட்டி ஒட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், நானும் ஒட்டியிருக்கிறேன். நல்ல யோசனைதான், ஆனால் இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழுவ வேண்டும். கழுவாவிட்டால் அது நெட் இல்லை, திரைச்சீலை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு உள்ளே வர்ண விளக்கு எரிகிற கேசிங்குகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், நம்மூர் வெக்கைக்கு அவை மீன்தொட்டிக்குத்தான் ஆகும்.

இனிக் காசில்லாத வைத்தியத்தில் ஆகப் பெரியது. கார்ட் குடிக்கிற மின்சாரத்தைக் குறைப்பது. குடிக்காத மின்சாரம் சூடாகாது. இதைச் சொன்னால் பொடியள் முகத்தைச் சுளிப்பார்கள், காசு கொடுத்து வாங்கினதை ஏன் குறைக்க வேண்டும் என்று. கணக்கைப் பாருங்கள். சிப் இழுக்கிற மின்வலு அதன் வேகத்தோடு நேராகவும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறும். 1.05 வோல்ட்டில் ஓடுகிறதை அதே வேகத்தில் 0.875 வோல்ட்டில் ஓட வைத்தால் வர்க்கக் கணக்கில் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். ஃபிரேம் குறையாது. எல்லாச் சிப்பும் ஒன்றுபோல வார்க்கப்படுவதில்லை, ஆகக் கேவலமான சிப்பும் தடுமாறாமல் ஓட வேண்டும் என்று கம்பனி எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொஞ்சம் கூடவே வோல்ட் கொடுத்து அனுப்புகிறது. அந்த மிச்சத்தைத்தான் நாங்கள் எடுக்கிறோம்.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போடுங்கள், எந்தக் கம்பனிக் கார்டுக்கும் வேலை செய்யும். கன்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அழுத்தினால் ஒரு வளைகோடு வரும், கீழே வோல்ட், பக்கத்தில் வேகம். முதலில் கோர் வேகத்தை 250, 300 மெகாஹெர்ட்ஸ் கீழே இறக்கி முழுக் கோட்டையும் தாழ்த்துங்கள், பிறகு 875 மில்லிவோல்ட் புள்ளியை மட்டும் பிடித்து 1800 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றிவிட்டு அப்ளை கொடுங்கள். அதற்கு வலப்பக்கம் இருக்கிற கோடு தட்டையாகிவிடும், கார்ட் அதற்கு மேலே வோல்ட் கேட்காது. நீங்கள் வழமையாக விளையாடுகிற ஆகக் கனமான கேமை ஒரு மணித்தியாலம் ஓடவிடுங்கள். நின்றுபோனால் 15 மெகாஹெர்ட்ஸ் குறைத்துப் பாருங்கள், நன்றாக ஓடினால் 15 கூட்டிப் பாருங்கள். ஒன்றும் எரியாது, பிழைத்தால் கேம் விழும், அவ்வளவுதான். தொடங்கும்போதே அமைப்பைத் தானாகப் போடச் சொல்லும் தெரிவை மட்டும் சோதனை முடியும்வரை தொடாதீர்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் விண்டோஸ் எழும்பும்போதே விழுந்து உங்களை அழ வைக்கும். என் கார்டில் இதனால் 320 வாட் 250க்குக் கிட்ட வந்தது, கோர் 8 பாகை இறங்கியது, ஃபிரேம் எண்ணும் கருவியை வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரிந்தது. மினக்கெட நேரமில்லை என்றால் அதே மென்பொருளில் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இழுத்துவிடுங்கள், அவ்வளவு சுத்தமான வழி இல்லை, ஆனால் அரை நிமிட வேலை.

கூடவே ஃபிரேமுக்கு ஒரு வரம்பு. உங்கள் திரை 75 ஹெர்ட்ஸ் என்றால் 140 ஃபிரேம் வரைந்து யாருக்குக் காட்டுகிறீர்கள்? என்விடியா கண்ட்ரோல் பேனலிலேயே போடலாம். மெனுத் திரைகளில் வரம்பில்லாமல் நூற்றுக்கணக்கில் ஃபிரேம் ஓடுவது விளையாட்டுக் காரியம் இல்லை. 2021 ஜூலையில் நியூ வேர்ல்ட் என்ற கேமின் முன்னோட்டம் வந்தபோது சில 3090 கார்ட்கள் அப்படியே செத்தன, கார்ட் செய்த ஈவிஜிஏ நிறுவனம் பிறகு தன் கார்ட்களின் ஈயப் பற்றவைப்பில் குறை இருந்ததாக ஒத்துக்கொண்டது. குறை கார்டில்தான், ஆனால் அதை வெளியே கொண்டுவந்தது அந்தச் சுமை.

இவ்வளவும் செய்தால் உங்கள் 84, 106, 110 ஏறக்குறைய 75, 95, 100க்கு வரும் என்று நினைக்கிறேன். ஃபேன் அலறல் நிற்கும், மெமரி வரம்புக்குக் கீழே போவதால் ஃபிரேமும் விழாது. ஆனால் ஹாட்ஸ்பாட் இடைவெளி 20க்குக் கிட்டவே நிற்கும், பேஸ்ட் தானாக நடுவுக்குத் திரும்பி வராது. ஆகவே என்றைக்கோ ஒருநாள் திறக்கத்தான் போகிறீர்கள். வாரன்டி மிச்சம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். திருகின்மேல் ஸ்டிக்கர் இருந்தால், வாங்கின இடத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிழியுங்கள். சில குறைகள் உங்கள் கையால் தீராதவையும்தான். என்விடியாவின் போட்டிக் கம்பனியான ஏஎம்டியின் 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்ட் வந்த புதிதில் அவர்களுடைய சொந்த வடிவக் கார்ட்கள் சிலதில் ஹாட்ஸ்பாட் 110 போனது. 2023 ஜனவரியில் ஏஎம்டியே சொன்னது, ஹீட்சிங்குக்குள் ஆவியாகிச் சுழல வேண்டிய தண்ணீரைப் போதிய அளவு நிரப்பவில்லை என்று. அதற்கு எத்தனை முறை பேஸ்ட் மாற்றினாலும் ஒன்றும் நடக்காது.

நான் செய்த பிழையைச் சொல்கிறேன், நீங்கள் செய்ய வேண்டாம். பேட்டின் தடிப்பு கார்டுக்குக் கார்ட் வேறு, ஒரே 3080 என்றாலும் ஒரு கம்பனி 1.5 மில்லிமீட்டர் போட்டிருக்கும், இன்னொன்று 2, சிலதில் ஒரே கார்டில் மூன்று தடிப்பு. எனக்கு 1.5 தேவைப்பட்டது, கடையில் 2 தான் இருந்தது. மெத்தைதானே, அமுக்கினால் அமுங்கிவிடும் என்று எடுத்துக்கொண்டு வந்து ஒட்டி, திருகை நல்லாக இறுக்கி, ஓடவிட்டேன். மெமரி 84. எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அடுத்த பார்வை ஹாட்ஸ்பாட்டில் விழுந்தது, ஒரு நிமிடத்துக்குள் 108. திரும்பக் கழற்றினேன். ஹீட்சிங்கின் செப்புத் தகட்டில் சிப்பின் அச்சு முழுதாக விழவேயில்லை, ஒரு மூலையில் மட்டும் பேஸ்ட் மெலிந்து பளபளத்தது, மற்ற மூன்று பக்கமும் நான் பூசினபடியே தடிப்பாகக் கிடந்தது. பேட் அமுங்கவில்லை, ஹீட்சிங்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. அரை மில்லிமீட்டர். கொழும்பில் இருந்து சரியான பேட் வர பதினொரு நாள், அதுவரை கார்ட் பழைய பத்திரிகைமேல் கிடந்தது.

ஆகவே உங்கள் கார்டின் சரியான மாதிரிப் பெயரைப் போட்டுத் தடிப்பைத் தேடுங்கள், 3080 என்று மட்டும் தேடினால் பிழைக்கும். நிச்சயமாகத் தெரியாவிட்டால் பேட்டை விட்டுவிட்டு தேர்மல் பட்டி என்று களிமண் மாதிரி ஒன்று வருகிறது, அதை வாங்குங்கள். குவித்து வைத்து அமுக்கினால் தேவையான தடிப்புக்கு அதுவே வந்துவிடும். எனக்கு இப்போது அதுதான் விருப்பம், கழற்றும்போது துடைப்பது மட்டும் சனியன்.

சிப்புக்கு, சாதாரணப் பேஸ்டைவிட பிடிஎம்7950 என்கிற ஹனிவெல் தாள் நல்லது. அறை வெப்பத்தில் திடமாக இருக்கும், 45 பாகைக்குக் கிட்ட இளகி இடுக்குகளில் ஓடிப் படியும், பேஸ்ட் மாதிரி ஓரத்துக்கு ஓடிப்போகாது. போலிகளும் விற்பனையில் இருக்கின்றன, அநியாய மலிவாகக் கிடைத்தால் யோசியுங்கள். நம்மூரில் அந்தத் தாளை உரிப்பது பெரும்பாடு, கைச்சூட்டிலேயே இளகி மேல் ஒட்டோடு சேர்ந்து வந்துவிடும். பத்து நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சுத்தமாக உரியும், ஆனால் வெறுமனே வைத்து எடுத்தால் நம் ஈரக் காற்றில் அதன்மேல் வியர்த்துவிடும். காற்றுப் புகாத பையில் போட்டு வைத்து, எடுத்து வெளியே துடைத்து, சட்டென்று ஒட்டிவிடுங்கள். முதல் நாள் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம், நாலைந்து முறை சூடாகி ஆறின பிறகுதான் அது சரியாகப் படியும். ஆம்ப்ளிஃபயருக்குப் பூசுகிற வெள்ளைப் பேஸ்ட் அவசரத்துக்குக்கூட வேண்டாம். லிக்விட் மெட்டல் பற்றி யாராவது ஆசை காட்டினால் கும்பிட்டுவிட்டு வாருங்கள், அது மின்சாரம் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும், ஒரு துளி சிதறினால் கார்ட் செத்தது.

கழற்ற முதல் ஒரு ஐந்து நிமிடம் கேமை ஓடவிட்டு, நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, இளஞ்சூட்டில் கழற்றுங்கள். காய்ந்த பேஸ்ட் குளிரில் சீமெந்து மாதிரிப் பிடிக்கும், இழுத்தால் சிப்போடு வரும். இலேசாக இடம் வலமாகத் திருகினாலே விட்டுவிடும். விட்ட உடனே தூக்கிவிடாதீர்கள், ஃபேன் வயர்கள் உள்ளே இணைந்திருக்கும், ஒரு பக்கத்தைப் புத்தகம்போலத் திறந்து வயரைக் கழற்றிவிட்டுத்தான் மற்றது. பூட்டும்போது சிப்பைச் சுற்றி இருக்கிற நாலு திருகையும் மூலைக்கு மூலை கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும், மோட்டார் காரின் சில்லுக்கு நட் பூட்டுவதுபோல.

ஏசி போடச் சொன்னவர் பிழையாகச் சொல்லவில்லை, கணக்கைத்தான் சொல்லவில்லை. கணினி முழுவதும் 500 வாட் இழுத்தால் அந்த 500 வாட்டும் கடைசியில் உங்கள் அறைக்குள்தான் வந்து விழுகிறது. பத்துக்குப் பத்து அறையில் காற்றை மட்டும் கணக்கில் எடுத்தால் நிமிடத்துக்கு ஒரு பாகை ஏற அது போதும், சுவரும் கூரையும் உறிஞ்சுவதால்தான் நாங்கள் அவிந்துபோகாமல் இருக்கிறோம். 9000 பிடியூ ஏசியின் ஐந்தில் ஒரு பங்கு கணினியின் சூட்டை அள்ளி வெளியே கொட்டவே போய்விடும். கரண்ட் பில் கட்ட வசதி இருந்தால் போடுங்கள், உங்களுக்கும் நித்திரை வரும். இல்லாவிட்டால் ஒரு நிற்கிற ஃபேனை யன்னலில் வெளிப்பக்கம் பார்த்து வைத்து எதிர்க்கதவைத் திறந்துவிடுங்கள். சீற்றுக்குக் கீழே தொங்குகிற சீலிங் ஃபேன் பகலில் கூரைச் சூட்டைக் கணினியின் தலையில்தான் இறக்கும். தண்ணீர் கூலர் சொன்னவரை இன்னும் சுருக்கமாக முடிக்கலாம். தண்ணீரும் அறை வெப்பத்துக்குக் கீழே போகாது, சூடு அதே அறைக்குள்தான் வரும், உங்கள் கார்டுக்கென்றே வெட்டின பிளாக் கிடைத்தால்தான் மெமரிக்கும் உதவும். கார்டை விற்கச் சொன்னவருக்கு ஒருவேளை அது தேவையாக இருக்கலாம்.

ஃபோர்நைன்டி, ஃபைவ்நைன்டி வைத்திருக்கிறவர்களும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் ஒன்று. இந்தக் கார்ட்களில் ஃபேனும் பேஸ்டும் சம்பந்தப்படாத இன்னொரு சூடு இருக்கிறது, மின் இணைப்பு முனையில். 2022 அக்டோபரில் ஃபோர்நைன்டி வந்த கையோடு 16 ஊசி இணைப்பு உருகின படங்கள் வரத் தொடங்கின, அடுத்த மாதம் என்விடியா உலகம் முழுக்க 50 முறைப்பாடு அளவில் வந்ததாகவும் முழுதாகச் செருகாததே பொதுவான காரணம் என்றும் சொன்னது. பிறகு ஊசிகளின் நீளத்தை மாற்றி 12வி-2x6 என்று திருத்தினார்கள். ஜிபியு-இசட் இந்தச் சூட்டைக் காட்டாது. இடைவெளி தெரியாத அளவுக்கு முழுதாக அமுக்கிச் செருகி, முனையில் இருந்து 35 மில்லிமீட்டருக்குள் வயரை வளைக்காமல் விடுங்கள். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் ஊசியில் பச்சை பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபைவ்நைன்டியில் ஹாட்ஸ்பாட் எண்ணும் வெளியே காட்டப்படுவதில்லை, ஹாட்ஸ்பாட்டில் இருந்து கோரைக் கழிக்கிற கணக்கு அவர்களுக்கு உதவாது, கோரையும் மெமரியையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

தம்பி, மாரியில் மறுபடியும் எல்லாம் நன்றாக இருக்கும், அப்போது இதை மறந்துவிடுவீர்கள். அந்த மாதங்களில் கிழமைக்கணக்கில் கணினியைப் போடாமல் வைத்தால் உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு போர்டில் இருக்கும். விளையாடாவிட்டாலும் ஒரு நாளுக்கு அரை மணித்தியாலம் ஓடவிடுங்கள், அந்தச் சூடு நல்ல சூடு. இன்றைக்கு முதலில் அந்தப் பக்கத் தகட்டுச் சோதனையைச் செய்துவிட்டு எட்டு எண்ணையும் எழுதுங்கள், நாலு மூடி, நாலு திறந்து. பேட் தடிப்பை அதற்குப் பிறகு பார்ப்போம்.